ஒரு பச்சைப் பேசினுக்காக மனைவியைச் சாகக்கொடுத்தேன்

வாயால் சொன்னால்தான் பொய், போனில் தட்டினால் அது பொய்யில்லை என்று நான் நம்பியிருந்தேன்.

வாயால் பொய் சொல்லும்போது குரல் தடுமாறும், காது சூடாகும், எதிரில் நிற்பவர் நம் கண்ணைப் பார்ப்பார். கட்டைவிரலுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. ‘ஓம்’ என்றும் தட்டும், ‘இல்லை’ என்றும் தட்டும். முகம் தெரியாத ஆளுக்கு முகம் காட்டாத ஆள் எழுதுவது எந்தக் கணக்கிலும் சேராது. ஐம்பது வயதைத் தாண்டிய, கந்தோரில் மேசை வைத்து வேலை பார்க்கிற ஒரு மனிதன் இப்படி நம்பினான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். போன கிழமை இதே பத்திரிகையில் நான் ஓடத்திலிருந்து விழுந்த கதையை எழுதியதற்குச் சிரித்தவர்கள்தானே.

அன்று பின்னேரம் கல்லடியில், வாவிப்பக்கம் பார்த்த ஒரு மூன்றாம் மாடி வீட்டில், கவிழ்த்து வைத்த சீமெந்து வாளியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி போடவில்லை. உப்புக் காற்று நேராக உள்ளே வந்து, சுவரில் சுரண்டிய சுண்ணாம்புத் தூளை என் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. கையில் போன். போனில், கை கழுவுகிற ஒரு பச்சை நிறப் பேசினின் படம்.

வீடில்லாத வீட்டுக்காரன்

பேசினுக்கு முன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுடையது. ஆண் கல்யாணம் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போவான். கூரை ஒழுகினால் ஏறுவான், கிணறு இறைப்பான், கரண்ட் பில் கட்டுவான், மகள் பெரியவளாகிக் கல்யாணம் முடித்ததும் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்து அறைக்கு நகர்வான். இதற்கிடையில் ஊரார் அவனை ‘வீட்டுக்காரன்’ என்று கூப்பிடுவார்கள். அது ஒரு மரியாதைக்கு.

என் மனைவி மலரின் வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்தாகிவிட்டது. நாங்கள் பின்பக்கம் நகர்ந்தும் ஆகிவிட்டது. இரண்டாவது மகள் துஷாவுக்கு மாப்பிள்ளை சரிவந்தபோது கொடுப்பதற்கு வீடு இல்லை. கட்டுவதற்குக் காணி வாங்கலாம் என்றால், கல்லடியில் காணி விலையைச் சொல்லும்போது தரகரே குரலைத் தாழ்த்துகிறார்.

மாப்பிள்ளை டவுனில் ஒரு வங்கியில் வேலை. சொந்த இடம் கரடியனாறு. பேச்சுவார்த்தை முழுக்க மலரின் அண்ணன் யோகன் மச்சான்தான். பெண் பார்க்க மாப்பிள்ளையின் அக்காவும் அத்தானும் வந்தார்கள். தாய் வரவில்லை. கணவர் செத்து ஒரு வருசத்து ஆட்டைத் திவசம் முடியும்வரை நல்ல காரியத்துக்கு வாசல் தாண்டமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தா. அதனால் அவவை எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை.

“வீடு தாறம்,” என்றார் யோகன் மச்சான், அவர்களிடம்.

அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நான் இருந்தேனே.

“சும்மா வீடில்ல. பைப், பேசின், லைட் எல்லாம் வாங்கிப் பூட்டின வீடு. மாப்பிள்ளை ஒரு பல் பிரஷ்ஷோட வந்தாக் காணும்,” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பெரிய வெற்றி. ஒரு கூட்டம் சிரித்துவிட்டால் என்ன வாக்குக் கொடுத்தோம் என்று எனக்கு மறந்துவிடும்.

வங்கிக் கடனுக்கு எட்டியது இந்தத் தொடர்மாடி வீடு ஒன்றுதான். எங்கள் இரண்டு குடும்பத்திலும் மாடியில் வீடு வாங்கிய முதல் ஆள் நான். “கல்யாணத்துக்கு வாழைக்குலைய எங்க தூக்குற, பால்கனியிலயா?” என்று மலரின் சித்தி கேட்டா. விற்ற மனிதர் வெளிநாடு போகிற அவசரத்திலும் ஒன்றையும் மறக்கவில்லை. குழாய், சுவிட்ச், கதவுக் கைபிடி, படம் மாட்டுகிற ஆணிவரை கழற்றிக்கொண்டு போயிருந்தார். நான் வாங்கியது நான்கு பக்கச் சுவரும் அதில் நிறைய ஓட்டைகளும்.

படம் நல்லாரிக்கி

கடையில் போய் எல்லாம் புதிதாக வாங்கினால் கல்யாணத்தை டைல்ஸ் மேல் சோறு போட்டுத்தான் நடத்த வேண்டும் என்று தெரிந்ததும் ஒன்லைனில் இறங்கினேன். பழையது, பாதி பழையது, கடை மூடுகிறவர்கள் தள்ளிவிடுவது, யாரோ வாங்கி அளவு பொருந்தாதது. மட்டக்களப்புக்கு அனுப்புவீர்களா என்று கேட்டதும் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மற்றப் பாதிப் பேர்தான் ஆபத்து.

ஒரு ஷவர் வாங்கினேன். படத்தில் சூரியகாந்திப் பூ மாதிரி விரிந்திருந்தது. வந்து சேர்ந்தது உப்புப் போத்தல் மூடி அளவில். கதவுக் கைபிடிகள் வாங்கினேன்; அத்தனையும் ஒரே பக்கம் திறக்கிற கதவுக்கு. மின்விசிறி வந்தது, உடம்பு வெள்ளை, இறகு கபில நிறம்.

குழாய் வேலைக்கு வந்த காத்தான்குடிப் பாறூக் நானா ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கும்போது அதைக் கொண்டுவந்த ஓட்டோக்காரனையும் மேலே கூப்பிட்டுவிடுவார், பார்த்துச் சிரிக்க ஆள் வேண்டும் என்று.

“சேர், நீங்க அந்தப் போன்ல இரிக்கிற படத்தையே பெரிசாக்கிச் சுவருல ஒட்டிடுங்க. படம் நல்லாரிக்கி,” என்பார்.

“தண்ணி வராதே நானா?”

“இதுல மட்டும் வரப்போகுதாக்கும்.”

இந்த நிலைமையில்தான் அந்தப் பச்சை செட் கண்ணில் பட்டது. பேசின், கொமட், நல்ல கனத்த ஷவர், மூன்று குழாய். எல்லாம் ஒரே நிறம், கொழுந்து வெற்றிலையின் பச்சை. இப்படி நிறத்தில் இப்போது யாரும் செய்வதில்லை. நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். ‘பாவிக்காத புதுசு’ என்று ஒரு வரி, விலை, வேறொன்றும் இல்லை. விற்பவர் பெயர் ‘நிலாக்குட்டி’. படத்தில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண். யாரோ பேத்தியின் பெயரில் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் அதில் ‘மட்டு மைந்தன்’. படம், கல்லடிப் பாலம். இந்த மாவட்டத்தில் அந்தப் பெயரிலும் அந்தப் படத்திலும் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறோம் என்று பாலத்துக்கே தெரியாது.

சீமெந்து வாளியின் மேல்

“கடைசி விலை என்ன?” என்று கேட்டேன்.

“போட்டதுதான் தம்பி. என்ட அவர் மகனுக்கெண்டு ஆசையா வாங்கி வெச்சது. ஒரு நாளும் பாவிக்கல்ல.”

“அப்ப ஏன் அக்கா விக்கிறீங்க?”

“பொம்புள வீட்டால எல்லாம் பூட்டித் தாறாங்களாம். மறுகா இத வெச்சு என்ன செய்ற?”

எவனோ ஒரு பெருமைக்காரன் எங்கேயோ மகளுக்கு வீடு கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த முட்டாளுக்காகக் கொஞ்சம் பரிதாபமும் பட்டேன். பாதி விலைக்குக் கேட்டேன். அவ சம்மதிக்கவில்லை. கொஞ்சம் ஏற்றினேன். அதற்கும் இல்லை. மரியாதையாக, அமைதியாக, ஒவ்வொரு தடவையும் ‘இல்ல தம்பி’ என்றே வந்தது. எனக்கு விளையாட்டுப் புத்தி ஏறியது. கந்தோரில் நான் லீவு வாங்கச் சொல்லும் கதைகளுக்கு ஒரு பெயர் உண்டு. அந்தத் திறமையை இங்கே காட்டினால் என்ன?

கட்டைவிரல் தட்டியது: “அக்கா, என்ட மனிசி செத்து மூண்டு மாசம். பொம்புளப் புள்ளைக்கு வீடு சரிபண்ணணும். நான் தனி ஆள்.”

அனுப்பிவிட்டு ஜன்னலால் வாவியைப் பார்த்தேன். ஒருவன் வலை வீசிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், சிரிப்புத்தான் வந்தது.

அவன் வலையை இழுத்து முடித்தான். பிறகு, “ஐயோ தம்பி.”

அதற்குப் பிறகு அவ சொன்ன விலை நான் கேட்ட விலையைவிடக் குறைவு. நான் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும்போதே இன்னொன்று வந்தது.

“மனிசி இல்லாத வீட்டில இரிக்கிற புள்ளைக்கு ஒரு கண்ணாடி வேணுமெண்டு ஆம்புளைக்கு ஞாபகம் வராது. என்ட அறையில ஒண்டு சும்மா இரிக்கி. சாமானோட வெச்சு விடுறன். அதுக்குக் காசு வேணாம்.”

நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அது. ‘அக்கா, பகிடிக்குச் சொன்னேன்’ என்று தட்ட எத்தனை எழுத்து? நான் கும்பிடுகிற இரண்டு கைப் படத்தைத்தான் அனுப்பினேன்.

“தங்கச்சிட பேர் என்ன?” என்று கேட்டா.

“ஏன் அக்கா?”

“ஆடி அமாவாசைக்கு என்ட அவருக்கெண்டு மாமாங்கத்துக்கு வாறன். இதுதான் முதல் வருசம். அவட பேரையும் சொல்லி முழுகுறன். அவட சனம் ஒருத்தரும் முழுகாம விட்டாலும், ஒரு ஆளாவது சொல்லட்டும்.”

ஏதாவது ஒரு பெயர் கொடுத்திருக்கலாம். சரோஜா என்று கொடுத்திருக்கலாம். ஆனால் என் கட்டைவிரலுக்கு மனைவி பெயர் என்றால் ஒன்றுதான் தெரியும். ‘மலர்’ என்று தட்டிவிட்டது.

கரடியனாற்றுப் பக்கமிருந்து கல் ஏற்றி வந்த ஒரு லொறி சாமானைப் பாலத்தடியில் இறக்கியது. காசைச் சாரதியிடம் கொடுத்தேன். ஓட்டோவில் கொமட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தபோது கந்தோர் பெடியன்கள் மோட்டார் சைக்கிளில் வந்து கை காட்டினார்கள். நானும் காட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

தடிமனுக்கு ஈசீஜி

பச்சை செட்டைப் பொருத்தினார் பாறூக் நானா. முதல் தடவையாகப் பகிடி பண்ணவில்லை. பேசினைக் கூடத்து மூலையிலும் அதற்கு மேல் அந்தக் கண்ணாடியையும் மாட்டினோம். மலர் வந்து பார்த்தாள். “கண்ணாடியெல்லாம் யோசிச்சு வாங்கியிரிக்கீங்க!” என்றாள். நான் இருமினேன்.

செத்தவர்களை நினைத்து மாமாங்கக் குளத்தில் முழுகுகிற அந்த அமாவாசைக்கு ஊரில் பாதிச் சனம் அங்கேதான் நிற்கும். மலர் தன் தகப்பனுக்காக வருசா வருசம் போகிறவள். எனக்கு அது நினைவு வந்தது அதற்கு முந்தின நாள்தான்.

“இந்த முறை விடுவமே. சனம் கூட,” என்றேன்.

“என்ட அப்பாக்கு முழுகாம இரிக்கச் சொல்றீங்களா?”

கூடவே போனேன். அவளைக் குளத்தின் ஒரு கரையில் இறக்கிவிட்டு, தண்ணீருக்குள் கைகூப்பி நிற்கிற பெண்களின் வாயையெல்லாம் பார்த்துக்கொண்டு நடந்தேன். எந்த உதடு அந்தப் பெயரைச் சொல்கிறது? ஒரு அம்மா என்னை முறைத்துப் பார்த்தா. பார்க்க வேண்டிய ஆளைத்தான் முறைத்தா என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் மலர் தும்மினாள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரும். அன்று முழுநேரமும் வந்தது. யாரோ ஒரு நல்ல மனுசி சுத்தமான மனதோடு தண்ணீரில் நின்று என் மனைவியைச் செத்தவர்கள் வரிசையில் சேர்த்திருக்கிறா. அவ சொன்னால் பலிக்கும். நான் சொன்னால் பலிக்காத அத்தனையும் அவ சொன்னால் பலிக்கும். மலரை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனேன். இரத்தம் சோதிக்கச் சொன்னேன், ஈசீஜி எடுக்கச் சொன்னேன்.

“தடிமனுக்கு ஈசீஜியா?” என்றார் டொக்டர்.

“எடுங்க டொக்டர். மனம் கேக்கல்ல.”

அந்தக் கிழமை நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், வாளி தூக்கினேன், இரவில் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

“என்ன, வேற எங்கயும் ஆள் வெச்சிரிக்கீங்களா?” என்று கேட்டாள். இருபத்தைந்து வருசத்தில் என் அன்பு அவளை இப்படிச் சந்தேகப்பட வைத்தது அதுதான் முதல் தடவை.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதட்டுமா என்று போன மாதம் அவளிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க,” என்றாள். “செத்தவக்கிட்ட என்னத்துக்குக் கேக்கிறீங்க?”

வீடு பார்க்க வந்தவ

ஆட்டைத் திவசம் முடிந்த பிறகு, ஆவணியில், மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தா. அவவுக்குப் பிடித்தால் நாள் குறிப்பது, இல்லாவிட்டால் இல்லை. துஷா அன்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தப் பொடியனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பெயர் பாக்கியம். வெள்ளைச் சேலை, நெல் வயல் வட்டையில் நின்று பழகிய நடை, மூன்று மாடியும் ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. கூட, பெண் பார்க்க வந்த அதே மகளும் மருமகனும். சமையலறையைப் பார்த்தா. பால்கனியில் நின்று, “காத்து நல்லாரிக்கி மனே,” என்று துஷாவின் கன்னத்தைத் தடவினா. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

திரும்பி வந்தவ கூடத்து மூலையில் நின்றுவிட்டா.

கையை நீட்டிப் பேசினின் விளிம்பைத் தொட்டா. தெரிந்த ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரித் தடவினா.

அந்தத் தடவல் எனக்குப் பாராட்டாகத் தெரிந்தது. சும்மா இருப்பேனா?

“கொழும்பில சொல்லி எடுப்பிச்சது அக்கா. இஞ்ச கிடைக்காது.”

“அப்படியா தம்பி?”

‘தம்பி’ என்ற அந்தச் சொல்லை எங்கேயோ படித்திருக்கிறேனே என்று தோன்றியது. அவ நிமிர்ந்தா. பேசினுக்கு மேலே அவவுடைய அறைக் கண்ணாடி. அதற்குள் அவவுடைய முகம். அதற்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நான். கண்ணாடிக்குள்ளேயே என்னைப் பார்த்தா. என் பல் தானாக மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து யோகன் மச்சான் தேத்தண்ணித் தட்டோடு வந்த மலரின் தோளைப் பிடித்து முன்னுக்கு விட்டார். “அக்கா, இவதான் என்ட தங்கச்சி. மலர்.”

பாக்கியமக்கா திரும்பி மலரைப் பார்த்தா. தலையிலிருந்து கால்வரை பார்த்தா. மலர் சிரித்தாள், தட்டை நீட்டினாள். அவ தேத்தண்ணியை எடுக்கவில்லை.

“மலரா?”

“ஓம் அக்கா.”

“தட்ட வெச்சிட்டு வா மனே. பாத்ரூமக் காட்டு.”

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

என் பதற்றத்தை நான் எப்போதும் பகிடியால்தான் மூடுவேன். அன்று மாப்பிள்ளையின் அத்தானுக்கு மூன்று பகிடி சொன்னேன். மூன்றிலும் முடிவை முதலில் சொல்லிவிட்டேன். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, சொல் பிடிபடவில்லை. பிறகு ஷவர் திறக்கிற சத்தம். யார் குளிக்கிறார்கள்? துஷா என்னைப் பார்த்தாள். “என்னப்பா நடக்குது?” என்றாள் மெதுவாக. “பைப் சரியா வேல செய்யுதா எண்டு பாக்கிறாங்க மனே,” என்றேன். அவளுக்கு எல்லாம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். ஒரு பேசினுக்காக நான் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை விற்றுவிட்டேன் என்று முடிவு செய்தேன். கதவைத் தட்டி உள்ளே போய் அவவின் காலில் விழலாமா என்று யோசித்தேன். இரண்டு பெண்கள் இருக்கிற குளியலறைக் கதவைத் தட்டினால் அது இன்னொரு அவமானம். எழும்பினேன், உட்கார்ந்தேன். அத்தான் தேத்தண்ணி நல்லாயிருக்கு என்றார். அது ஆறிப்போன தேத்தண்ணி.

கதவு திறந்தது. மலரின் தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. சேலையின் தோள்பக்கமும் ஈரம். கண் சிவந்திருந்தது. பாக்கியமக்காவின் இரண்டு கையும் முழங்கைவரை ஈரம். சேலைத் தலைப்பால் மலரின் நெற்றியைத் துடைத்துவிட்டு, யோகன் மச்சானைப் பார்த்து, “வீடு நல்லாரிக்கி. நாள் பாருங்க,” என்றா.

என் பக்கம் திரும்பவேயில்லை. படி இறங்கும்போதுகூட.

எல்லோரும் போன பிறகு மலர் கூடத்தில் வெறும் நிலத்தில் உட்கார்ந்து தலையைத் துவட்டினாள். நான் தள்ளி நின்றேன்.

“உசிரோட இரிக்கிறவட பேரச் செத்தவங்களோட சேத்துச் சொல்லிட்டன் எண்டு அழுதா,” என்றாள். “அந்தப் பேரக் கழுவி எடுக்கணுமாம். ஷவரத் திறந்து மூண்டு தரம் தலையில தண்ணி விட்டா. நூறு வருசம் இரி எண்டா. குத்தம் அவட மாதிரி என்னட்ட மன்னிப்புக் கேட்டா.”

“மலர், நான் பகிடிக்குத்தான்...”

இருபத்தைந்து வருசம் என் பகிடிக்குச் சிரித்தவள். அன்று சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

“நான் செத்தன் எண்டு சொன்னதும் விலை குறைச்சவவா?”

“ஓம்.”

“எவ்வளவு குறைச்சவ?”

இந்தத் தொடரில் எதையெல்லாமோ வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறேன். அந்தத் தொகையை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறந்துபோச்சு என்றேன். வாயால் சொன்ன பொய். குரல் நடுங்கியது, காதும் சூடாகியது.

தையில் துஷாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மலர் அந்த விலையை என்னிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்ட அன்றே அது அவளுக்குத் தெரியும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். குளியலறைக் கதவைச் சாத்தியதும் பாக்கியமக்கா முதலில் சொன்னது அந்தத் தொகையைத்தான்.